இரண்டு நாள், ஆறு படம்: திருவனந்தபுரம் விழாவுக்கு முதல்முறை போகிறவருக்கு

நீங்கள் கேட்டது இதுதான்: மதுரையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் விடுமுறை. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் வெளிநாட்டுப் படங்கள் பார்க்க ஆசை. ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்க்கலாம், எதைத் தேர்ந்தெடுப்பது, ஆங்கிலம் சுமார்தான் என்பதால் சப்டைட்டிலோடு மல்லுக்கட்ட முடியுமா, இரண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் போவது வீண் செலவா.

வீண் இல்லை. நான் நாகர்கோவில்காரன். எனக்கு அது இரண்டு மணி நேர பஸ் பயணம் என்பதால் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். எட்டு நாளும் இருந்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற வருடமெல்லாம் உங்களைப் போல சனி, ஞாயிறுதான். அதனால் இதைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்வேன்: ஒரு நாளைக்கு மூன்று படம். அதற்கு மேல் வேண்டாம்.

நான் முதல் தடவை போனபோது காலை ஒன்பது மணிக் காட்சி முதல் இரவுக் காட்சி வரை ஒரே நாளில் ஐந்து படம், மறுநாளும் ஐந்து என்று பார்த்தேன். கொடுத்த காசுக்கு மேல் சம்பாதித்துவிட்ட திருப்தியோடுதான் ஊர் திரும்பினேன். ஒரு வாரம் கழித்து நண்பனிடம் கதை சொல்ல உட்கார்ந்தால், ஈரானியப் படத்தில் வந்த பாட்டி சிலி நாட்டுப் படத்தின் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளை அவள் வீட்டில் கொண்டுபோய் விட இன்றுவரை என்னால் முடியவில்லை. பத்துப் படத்தில் நாலு அப்படிக் குழம்பிப் போய்விட்டது, இரண்டில் தூங்கிவிட்டேன். ஆக, பார்த்தது நாலு. ஆறு பார்த்திருந்தால் ஆறும் மிஞ்சியிருக்கும்.

சென்னையிலேயே டிசம்பரில் விழா நடக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவருகிறது, நல்ல விழா. ஆனால் மதுரைக்குச் சென்னையை விடத் திருவனந்தபுரம் பக்கம். அதை விட முக்கியம், அங்கே ஊரே விழாவுக்குள் இருக்கும். சென்னை மார்கழியில் கச்சேரி, சபா கேன்டீன், மழை என்று ஏகப்பட்ட வேலை. திருவனந்தபுரத்தில் அந்த ஒரு வாரம் ஆட்டோக்காரர்கூட "இன்னு ஏது படம்?" என்று கேட்பார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளியன்று முடிவதுதான் வழக்கம். அதாவது நடுவில் கிடைப்பது ஒரே ஒரு சனி ஞாயிறு. கேரளத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதே சனி ஞாயிறுதான், எனவே கூட்டம் உச்சத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். அடிதடி எல்லாம் புது மலையாளப் படங்களுக்கும் அந்த வருடம் கான், வெனிஸ் விழாக்களில் பெரிய பரிசு வாங்கிய நாலைந்து படங்களுக்கும்தான். பரகுவே நாட்டுப் படத்துக்கு இடம் கிடைக்கும்.

இங்கே டிக்கெட் கிடையாது, டெலிகேட் பாஸ்தான். இதற்குச் சட்டக் காரணம் உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 1952-ம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் கீழ் விழாக்களுக்கு மட்டும் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தருகிறது. டிக்கெட் விற்காமல், பெயர் பதிந்த டெலிகேட்டுகளுக்கு மட்டும் காட்ட வேண்டும் என்பது அந்த விலக்கோடு வரும் நிபந்தனை. வெட்டு இல்லாமல் முழுப் படம் பார்க்கக் கிடைப்பது இதனால்தான், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லாததும் இதனால்தான். சில ஆண்டுகளாகக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்துவருகிறது, மாணவர்களுக்குப் பாதி. பெருவெள்ளம் வந்த 2018-ல் அரசு நிதி இல்லாமல் சிக்கனமாக நடத்த முடிவு செய்து 2000 ரூபாய் ஆக்கினார்கள். அப்போதும் தியேட்டர்கள் காலியாகக் கிடக்கவில்லை. இரண்டு நாளுக்குப் போனாலும் எட்டு நாள் பாஸ்தான் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மதுரையில் மல்டிபிளெக்ஸில் ஆறு படம் பார்த்தால் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பதிவு தொடங்கியதும் இணையத்தில் பணம் கட்டிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பதிவை மூடிவிடுவார்கள். மறுநாள் படங்களுக்கான இருக்கைப் பதிவு முந்தின நாள் காலையிலேயே ஆப்பில் திறந்துவிடும். அதாவது சனிக்கிழமைப் படங்களை வெள்ளி காலை மதுரையில் பல் தேய்க்கும்போதே பதிய வேண்டும். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பதியாதவர்களுக்குத் தனி வரிசை உண்டு, கொஞ்சம் முன்னால் போய் நின்றால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். விதிகள் வருடா வருடம் மாறும், விழா இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி எதைப் பார்ப்பது. இதுதான் பெரிய தலைவலி. எட்டு நாளில் 150-க்கும் மேல் படங்கள் இருக்கும். உங்கள் இரண்டு நாளில் மட்டும் பதினைந்து சொச்சம் திரைகளில் ஐந்தைந்து காட்சிகள். பட்டியலைத் திறந்ததும் எல்லோரும் செய்வது, கான் விழாவில் பரிசு வாங்கிய படம் எது என்று தேடுவது. செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பெர்லின் பிப்ரவரியில், கான் மே மாதம், லொகார்னோ ஆகஸ்டில், வெனிஸும் டொராண்டோவும் செப்டம்பரை ஒட்டி என்று வருடம் முழுக்க விளைந்ததெல்லாம் டிசம்பரில் திருவனந்தபுரத்துக் களத்துக்கு வந்து சேர்கிறது. அந்தப் பெரிய பரிசுப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பெரிய திரையில் ஆசைக்குப் பாருங்கள். மீதியை விட்டுவிடுங்கள், ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு ஓடிடியில் வந்துவிடும். வீட்டில் காலை நீட்டிப் பார்க்கக் கிடைக்கப்போகும் படத்துக்காக நூறு பேர் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நின்றால் போட்டிப் பிரிவுப் படத்துக்கு நில்லுங்கள். இந்த விழாவின் சர்வதேசப் போட்டி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டத்துப் படங்களுக்கு மட்டுமே உரியது. ஐரோப்பாவுக்கும் ஹாலிவுட்டுக்கும் அதில் இடமில்லை. பதினாலு படம்தான் இருக்கும், அதில் சில நம் நாட்டுப் படங்கள். சிறந்த படத்துக்குச் சுவர்ண சகோரம் என்ற விருது. 2022-ல் அது பொலிவியாவுக்குப் போனது, 2023-ல் ஜப்பானுக்கு, 2024-ல் பிரேசிலுக்கு. பொலிவியப் படத்தை விழாவுக்கு வெளியே நாம் எங்கே போய்ப் பார்க்கப் போகிறோம்? இந்தப் பிரிவில் இரண்டு எடுங்கள். முதல் படம் எடுத்த இயக்குநர்களின் படங்கள் இங்கே நிறைய வரும், பலர் நேரிலேயே வருவார்கள். படம் முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால், கையில் மைக் பிடித்து நடுங்கிக்கொண்டு பதில் சொல்லும் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பார்ப்பீர்கள். அவள் படம் சுமாராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கும்.

கேட்லாக்கில் கதைச் சுருக்கத்தை நம்ப வேண்டாம். எல்லாச் சுருக்கமும் ஒரே ஆள் எழுதியது போலவே இருக்கும்: ஒரு பெண், ஒரு கிராமம், ஒரு ரகசியம். அதற்குப் பதில் அடியில் சின்ன எழுத்தில் நாடுகளின் பெயர் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். செனகல் நாட்டுப் படம் என்று இருக்கும், கூடவே பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, கத்தார். ஏன் இத்தனை பேர்? ஏழை நாட்டு இயக்குநருக்குச் சொந்த ஊரில் காசு கிடைக்காது. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988 முதல் இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் தருகிறது. பெர்லின் விழாவுக்கு 2004 முதல் ஒரு நிதி இருக்கிறது, தோஹாவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் திரைக்கதையைக் கொடுத்து, குழு முன் உட்கார்ந்து, திருத்தி, மறுபடி கொடுத்துத்தான் காசு வாங்க வேண்டும். எனவே ஐந்து நாட்டுப் பெயர் இருந்தால் அந்தப் படம் பல கை மாறித் தேறி வந்தது என்று அர்த்தம், அடிப்படைத் தரம் நிச்சயம். கூடவே ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே மாதிரிக் குழுக்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று எழுதி எழுதிப் பல படங்களுக்கு ஒரே முகம் வந்துவிடுகிறது. கேமரா கதாநாயகியின் பிடரிக்குப் பின்னாலேயே நடக்கும். பேசாத ஒரு குழந்தை இருக்கும். முக்கியமான முடிவெடுக்கும் இடத்தில் திரை இருண்டு பெயர்கள் ஓடும். நாங்கள் இதற்கு 'விழாப் படம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒன்று பார்த்தால் புதுமை, மூன்று பார்த்தால் அலுப்பு. ஒரே ஒரு நாட்டின் பெயர் மட்டும் போட்டு, நீளம் எழுபத்தைந்து நிமிடம் என்று இருக்கிற படம் மோசமாகவும் இருக்கலாம், கிறுக்குத்தனமான அதிசயமாகவும் இருக்கலாம். எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்கும்.

பழைய படம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபார்வை, அஞ்சலி என்ற தலைப்புகளில் வரும். புதுப் படங்களைத் துரத்துகிற அவசரத்தில் இளைஞர்கள் இதை விட்டுவிடுவார்கள், தியேட்டரும் நிதானமாக இருக்கும். அறுபது வருடத்துக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் புதுப்பித்து வந்து பெரிய திரையில் ஓடுவதை ஒரு தடவை பார்த்தவன் லேப்டாப்பில் அதே படத்தைப் பார்க்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்சியைக் காலியாக வையுங்கள். அது வரிசையில் நிரம்பும். தேநீர்க் கடையிலோ வாசலிலோ பக்கத்தில் நிற்பவரிடம், நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் போதும், மலையாளிகள் தயங்காமல் சொல்வார்கள். வங்கியில் ஓய்வு பெற்ற சேச்சி ஒருவரை நான் வருடா வருடம் பார்ப்பேன். கால அட்டவணையை நகல் எடுத்து மூன்று நிறப் பேனாவால் குறித்து வைத்திருப்பார். பெயர் கேட்டதில்லை, இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அவர் 'வேண்டா' என்று சொன்ன படத்துக்கு நான் போனதில்லை.

ஆனால் மலையாள மதிப்பெண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 'அடிபொளி' என்றால் ஓடுங்கள். 'கொள்ளாம்' என்றால் நல்ல படம். 'போரா' என்றால் தேறாது. 'குழப்பமில்லா' என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் நான் விழுந்தேன். குழப்பமில்லாத கதை என்று சொல்கிறார் போலிருக்கிறது என நினைத்து நம்பிப் போனேன். யார் யாருக்கு என்ன உறவு, எது கனவு, எது நனவு என்று கடைசி வரை ஒன்றும் விளங்கவில்லை. மலையாளத்தில் அதற்குப் 'பரவாயில்லை, மோசமில்லை' என்று அர்த்தமாம். வெளியே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த ஆட்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு கேரளம் முழுக்கச் சிற்றூர்களில்கூட அப்படிப்பட்ட சங்கங்கள் வந்து, பள்ளிக்கூட ஹாலில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு உலகப் படங்களைக் காட்டின. நமக்கு 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்துத் தந்த ஜான் ஆப்ரஹாம் 1984-ல் ஒடேஸா என்ற இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு வசூலித்துப் படம் எடுத்தார். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தான் இன்று வரிசையில் நிற்கிறார்கள். கேரள அரசின் சலச்சித்ர அகாடமி 1998-ல் உருவாகி விழாவை எடுத்து நடத்தத் தொடங்கியபோது பார்வையாளர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். தென் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013-ல் இங்கே வந்தபோது நடக்க விடாமல் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சொந்த நாட்டில் அவருக்கு அப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. 2020-ல் அவர் கோவிட்டில் இறந்தபோது கேரளத்தில் சொந்த ஊர்க்காரர் போனது போலத் துக்கப்பட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது அறிவித்திருந்தார்கள். பயணம் செய்ய முடியாத நிலையில், தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பினார். ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய சமயம் அது. தொடக்க விழா மேடையில் கிரேக்க இயக்குநர் அதினா ராகேல் சங்காரி அந்த முடியைக் கையில் எடுத்துக் காட்டினார். நான் மறுநாள் காலைதான் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

சரி, சப்டைட்டில். உங்கள் ஆங்கிலம் போதும். பொதுவாகத் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் வரும், வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம், ஆறு விநாடிக்கு மேல் நிற்காது. எளிய சொற்களாகத்தான் எழுதுவார்கள், படிக்க நேரம் இல்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க வேண்டும் என்று நினைத்தால்தான் தவறும். ஒரு பார்வையில் அள்ளிக்கொண்டு உடனே முகத்துக்கு ஏறிவிடுங்கள். விட்டுப்போன வரியை நடிகரின் முகம் சொல்லிவிடும். முதல் படத்தில் அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கும், அதன்பிறகு படிக்கிறோம் என்பதே மறந்துவிடும். நீதிமன்றக் கதை, குடும்பம் முழுக்க சாப்பாட்டு மேசையில் சண்டை போடும் பிரெஞ்சுப் படம் போன்றவற்றை முதல் படமாக எடுக்க வேண்டாம், இரண்டு மணி நேரமும் வாசிப்புதான். கிர்கிஸ்தான், மங்கோலியா, ஜப்பான் பக்கம் போங்கள், குறைவாகப் பேசுவார்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். தரை சரிவு குறைந்த பழைய அரங்குகளில் முன்னால் இருப்பவரின் தலை சரியாக சப்டைட்டில் மேல் உட்காரும். நான் ஓரத்து இருக்கை எடுப்பேன். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் வரி தெரியும், வெளியேறவும் வசதி. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்: நகைச்சுவை வசனத்தை நடிகர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அரங்கம் சிரித்துவிடும். கண் காதை விட வேகம். சில சமயம் அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் போய்விடும், மூல மொழி தெரிந்த ஒரே ஆள் அரங்கில் இருந்தால் பாவம் அவர்.

மெதுவான படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கட்டாயம் ஒன்றில் மாட்டுவீர்கள். ஹங்கேரிய இயக்குநர் பெலா தார் 2022-ல் இங்கே வாழ்நாள் சாதனை விருது வாங்கினார். அவருடைய 'தி டுரின் ஹார்ஸ்' ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், மொத்தமே முப்பது ஷாட்தான். அப்பனும் மகளும் வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையால் உரித்துத் தின்பார்கள், வெளியே காற்று ஊளையிடும், மறுநாளும் அதே உருளைக்கிழங்கு. கதைக்காகக் காத்திருந்தால் செத்தீர்கள். கிழங்கைப் பாருங்கள். முதல் நாள் அப்பன் சூடு பொறுக்காமல் அவசரமாகப் பிய்த்துத் தின்றதற்கும் பின்னால் ஒரு நாள் தின்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கத் தொடங்கினால் உடம்பு அந்த வேகத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட படத்தைக் காலை முதல் காட்சியில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டை அரிசிச் சோறும் மீன் குழம்பும் முடித்துவிட்டு மூன்று மணிக்கு ஏசியில் பெலா தார் பார்க்கப் போவது தற்கொலை.

தூங்கிவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியே, பார்ப்பவரைத் தூங்க வைத்து, பிறகு இரவெல்லாம் விழித்திருக்க வைக்கும் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று சொன்னவர். குறட்டை மட்டும் விடாதீர்கள், கேரளத்தில் தட்டி எழுப்புவார்கள். பிடிக்காத படத்திலிருந்து பாதியில் எழுந்து வருவதும் தப்பில்லை, ஆனால் பக்கத்துத் திரையில் வேறு படம் தொடங்கும் நேரமா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வெளியே வந்து சும்மா நிற்பதற்கு உள்ளேயே இருக்கலாம், சில படங்கள் கடைசி இருபது நிமிடத்தில் எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மாற்றுப் படம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது படம் பெட்டியில் ரீலாக வருவதில்லை, ஹார்ட் டிஸ்கில் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் சாவி தனியாக மின்னஞ்சலில் வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். பாரிஸில் இருக்கும் ஒருவர் நேரத்தைத் தவறாகப் போட்டு அனுப்பியிருந்தால் இங்கே முன்னூறு பேர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எந்த விழாவிலும் எப்போதாவது நடக்கும். கூச்சல் போடுகிறவர்களோடு நின்று நேரத்தை வீணாக்காமல் அடுத்த திரைக்கு நடையைக் கட்டுங்கள்.

பல அரங்குகள் நடக்கிற தூரம்தான். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் இருக்கும் தம்பானூரிலேயே கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, நியூ தியேட்டரும் அங்கேயே. டாகூர் தியேட்டரும் கலாபவனும் வழுதக்காட்டில், தம்பானூரிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம். நிசாகந்தி திறந்தவெளி அரங்கம் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில், கொஞ்சம் தள்ளி. ஒரு நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் மாறாதபடி திட்டம் போடுங்கள். பாஸ் வாங்குவது வழக்கமாக டாகூரில்தான், அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நான் சொல்லும் இடம் ஒன்றுதான், ருசிக்காக அல்ல. தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ், செங்கல்லில் சுருண்டு ஏறும் கோபுரம் மாதிரி நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. உள்ளே மாடிப்படி கிடையாது, சாய்வான பாதை சுற்றிச் சுற்றி மேலே போகும், அதன் ஓரமாகவே மேசைகள். தலைப்பாகை வைத்த பணியாளர் சரிவிலேயே தட்டைக் கொண்டுவருவார். மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக எட்டிப் பார்க்கும். மதுரைக்காரருக்கு அதிர்ச்சியாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு படத்துக்கு நடுவில் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து, பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிடுங்கள். கதை வேண்டாம். ஒரு முகம், ஒரு அறை, ஒரு சத்தம், அவ்வளவு போதும். என் பாட்டி வெங்காயத்தோடு வீடு மாறியது இந்த நாலு வரியை எழுதாததால்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் விழாவின் முத்திரைப் படம் ஒன்று சில விநாடிகள் ஓடும், ஆறு தடவை பார்ப்பீர்கள். விழாச் சின்னத்தில் இருக்கும் உருவம் லங்காலட்சுமி, அனுமனை இலங்கை வாசலில் மறிக்கும் காவல் தேவதை. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் இரவெல்லாம் ஆடும் தோல்பாவைக் கூத்துப் பாவை அது. அந்தக் கூத்தில் பாடுவது கம்பராமாயணம். உலக சினிமா பார்க்கப் போன இடத்தில் கம்பன் வந்து நிற்பதில் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன சந்தோஷம்.

பயணம்: மதுரையிலிருந்து இரவு கிளம்பி நாகர்கோவில் வழியாகப் புனலூர் போகும் ரயிலை வெள்ளியன்று பிடித்தால் சனி விடியலில் திருவனந்தபுரம். அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, மறக்காமல் ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பதிந்துவிட்டு முதல் காட்சிக்குப் போய்விடலாம். திரும்பும் ரயிலும் இரவில்தான், ஆனால் ஞாயிறு மாலைக் காட்சியோடு நேரம் இடிக்க வாய்ப்பு உண்டு. கால அட்டவணை வந்த பிறகு ரயில் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடித்தால் கடைசிப் படத்தைத் தம்பானூரிலேயே, நூறு நிமிடத்துக்குக் குறைவானதாக எடுங்கள். பையோடு போய் ஓர இருக்கையில் உட்கார்ந்தால், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கிளம்பி நடந்தே ரயில் ஏறிவிடலாம்.

அப்புறம், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்று ஊர் குளிராது, வெளியே வேர்க்கும். உள்ளே ஏசி உறைய வைக்கும்.